துலக்கி வைத்த தோட்டா

ஜன்னலைத் தொறக்கணும்னா தாராளமாத் தொறந்துக்கிடுங்க தம்பி. நெடி ஏறத்தான் செய்யும். கண்ணுல தண்ணி வந்தா கசக்காதீய, பைய சரியாயிரும். எங்க வீட்டுல எல்லாருக்கும் பழகிட்டு.

என் மடியில இருக்க இந்த டப்பாவுலேர்ந்துதான் வருது. பிஸ்கட் டப்பாதான், ஆனா உள்ள பிஸ்கட் இல்ல. என்னதுன்னு சொல்லுதேன், பதறக் கூடாது, சத்தமும் போடக் கூடாது. அந்தக் கண்டக்டர் ஏற்கெனவே மூக்கைப் பொத்திக்கிட்டு என்னைய ஒரு பார்வை பாத்துட்டுப் போனான். டிக்கெட் குடுத்ததோட அவன் சோலி முடிஞ்சுது, யார் பையில என்ன மணக்குன்னு பாக்க அவன் யாரு?

தோட்டா. ரைபிள்ல போட்டுச் சுடுத தோட்டா.

அட, உக்காருங்க. எங்க எந்திரிக்கீய? என்னையப் பாத்தா அப்படிப்பட்ட ஆளாவா தெரியுது? லைசென்ஸ் இருக்கு. எனக்கில்ல, எம் மவளுக்கு. நாளைக்கு மதுரையில ஸ்டேட் போட்டி, ரைபிள் சுடுத போட்டி. அதுல அவ சுடுதா. காலையில கிளப்பு ஆட்களோட கார்ல கெளம்பிப் போனவ, இத சாமி அலமாரியிலயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டா. பதட்டம், வேற என்ன? பெத்தவன் நான் எதுக்கு இருக்கேன்? அடுத்த பஸ்ஸப் பிடிச்சுட்டேன்.

நீங்க என்ன சோலி பாக்கீய? ஜவுளிக்கடையா? நல்லது. கேக்க ஆள் இருக்குன்னா பேசிக்கிட்டே போயிரலாம், மதுரை வர வரைக்கும் நமக்கு வேற என்ன இருக்கு?

சண்முகவடிவு எம் மவ பேரு. கரண்ட் ஆபீஸ்ல வேலை. அவளப் பாத்தீயன்னா மொதல்ல கண்ணுல படுதது வலது கன்னத்துல இருக்க தழும்புதான். கண்ணுக்கு நேர் கீழ. கொஞ்சம் மேல பட்டிருந்தா கண்ணே போயிருக்கும். அந்தத் தழும்பப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆலைக்காரனுவ மேல வயிறு எரியும். அவனுவ செஞ்ச தோட்டாவாலதான் வந்துது. பித்தளை கீறிப் போன தோட்டா. அதுக்கு அவனுவ யாரைக் காரணம் சொன்னானுவ தெரியுமா? என்னைய! இந்தக் கோமதிநாயகத்த!

திருநவேலி டவுன்ல போயி என் பேரக் கேட்டுப் பாருங்க. மாவட்ட ரைபிள் கிளப்புல ஆயுத அறை எம் பொறுப்புலதான் இருந்துச்சு. துப்பாக்கி, தோட்டா, சாவி, எல்லாம் நான்தான். உறுப்பினர் வந்தா எடுத்துக் குடுக்கணும், மிச்சத்தத் திருப்பி வாங்கி வைக்கணும். இதுல என்ன பெரிய வேலை இருக்குன்னு நினைப்பீய. மத்தவன் பாத்தா ஒண்ணும் இல்லதான். நான் பாத்த விதம் வேற.

எங்கப்பா வாகையடி முக்குல பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுனவரு. அண்டா, குண்டான், தூக்குச்சட்டி, எது வந்தாலும் நெருப்புல காட்டி, நவச்சார உப்பத் தூவி ஒரு தேய்ப்புத் தேய்ப்பாரு பாருங்க, வெள்ளப் புகை குபுகுபுன்னு வரும், தெருவே இருமும். அந்தப் புகையிலதான் நான் வளந்தேன். பித்தளையப் பத்தி எங்கிட்ட ஒருத்தன் வந்து பேசுதான்னா எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

இப்ப தோட்டான்னா என்ன? ஒரு பித்தளைக் கூடு. உள்ள வெடிமருந்து. கூட்டோட கழுத்து சிறுத்திருக்கும், அந்தக் கழுத்துல குண்டை இறுக்கிச் சொருகியிருப்பான். ஆலையிலேர்ந்து அட்டைப் பெட்டியில ஒட்டித்தான் வரும். பிரிச்சுப் பாத்தீயன்னா மனசு விட்டுப் போயிரும். ஒவ்வொரு தோட்டாவுலயும் கழுத்தச் சுத்தி கருநீலமும் பழுப்புமா ஒரு கறை. அடுப்புல விழுந்தத எடுத்த மாதிரி. காசு வாங்குதான்லா, ஒரு துணிய வெச்சுத் துடைச்சுக் குடுக்க அவனுக்கு வக்கில்ல. கல்யாணத்துக்குச் சீர் குடுக்குத சொம்பு இப்படி இருந்தா நீங்க வாங்குவீயளா?

அதைத்தான் நான் சரி பண்ணேன். யாரும் சொல்லல. சம்பளம் கூடக் கேக்கல. நவச்சாரம், சுண்ணாம்பு, ஒரு பிடி சாம்பல், தண்ணி. இவ்வளவுதான் மருந்து. கலக்கும்போது மூஞ்சியத் திருப்பிக்கிடணும், இல்லன்னா மூச்சடைச்சிரும். துணிய அதுல முக்கித் தோட்டாவோட கழுத்தத் தேச்சா கறை போயி பொன்னு மாதிரி மின்னும். துணி நீலமாயிரும். நல்ல மயில்கழுத்து நீலம், உங்க கடைப் பட்டுல கூட அந்த நீலம் இருக்காது. அழுக்கு எறங்குதுன்னு அர்த்தம். தேச்சு முடிச்ச பெறகு ரொம்பத் துடைக்கக் கூடாது. அந்த ஈரத் துணியிலயே சுத்தி, டப்பாவுல போட்டு, மூடிய அழுத்தி மூடிரணும். காத்து பட்டா பித்தளை கறுத்துரும்லா? நெடி உள்ளயே நிக்கணும். அதுதான் சூட்சுமம்.

ஆயுத பூஜைக்கு எங்க கிளப்ப நீங்க பாத்திருக்கணும். துப்பாக்கியெல்லாம் சந்தனம் குங்குமம் வெச்சு வரிசையாச் சாத்தி, நடுவுல தாம்பாளத்துல என் தோட்டாவக் கோபுரமா அடுக்கியிருப்பேன். செகரட்டரி சேர்மக்கனி அண்ணாச்சி, லாரி வெச்சிருக்காவ, பெரிய ஆளு, வந்த விருந்தாளிக்கெல்லாம் அதைத்தான் மொதல்ல காட்டுவாவ. "பாத்தீயளா, நம்ம கோமதிநாயகம் கை வேலை"ம்பாவ. அப்ப நம்ம கை வேலை! பெறகு நாக்கு எப்படிப் பெரண்டுது பாருங்க.

அந்த வருசம் ஐப்பசி மழை விடாமப் பெஞ்சுது. அப்பத்தான் தோட்டா கீற ஆரம்பிச்சுது. சுட்டுட்டுக் கூட்ட எடுத்துப் பாத்தா கழுத்துல நீளவாக்குல ஒரு பிளவு. இன்னைக்கு ஒருத்தர் கொண்டு வந்து காட்டுவாரு, நாளைக்கு இன்னொருத்தர். "அண்ணாச்சி, இது என்ன?" "அது சுட்ட கூடு, குப்பை. குப்பை கீறுனா என்ன, கீறாட்டா என்ன? சாப்புட்ட எலை கிழிஞ்சா அழுவீயளா?" அப்படின்னு சொல்லி அனுப்பிருவேன். நான் சொன்னதுல என்ன தப்பு இருக்கு?

வடிவு மட்டும் கேட்டா. "அப்பா, சுடாத தோட்டாவுலயும் கீறல் இருக்குப்பா. நகத்த வெச்சுத் தடவிப் பாருங்க, தட்டுது." நான் பாத்தேன். பாத்தேன்னா, கண்ணாடி போடாமப் பாத்தேன். மின்னுச்சு. "ஏட்டி, அது வெளிச்சம், பளபளப்புல அப்படித்தான் கோடு கோடாத் தெரியும்"னேன். அவளும் எங்கப்பாவாச்சேன்னு வாங்கிட்டுப் போனா.

அன்னைக்குத்தான் ஆச்சு.

தோட்டா வெடிக்கும்போது கூடு விரிஞ்சு குழலோட சுவத்துல அப்பிக்கிடணும். அப்பத்தான் நெருப்பும் புகையும் முன்னால போவும். கூடு பிளந்திருந்தா அது பின்னால வரும். பின்னால யாரு இருக்கா? சுடுதவ. கன்னத்தத் துப்பாக்கியோட ஒட்டி வெச்சுக்கிட்டு எம் மவ இருக்கா. கழுத்துல இருந்த கீறல் அடி வரைக்கும் ஓடியிருந்துது. நான் அறையிலேர்ந்து சத்தம் கேட்டு ஓடுனேன். துப்பாக்கியக் கீழ போட்டுட்டு ரெண்டு கையாலயும் மொகத்தப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கா. வெரல் இடுக்குல ரத்தம். "அப்பா, கண்ணு தெரியல, கண்ணு தெரியல"ங்கா. அள்ளித் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன் தம்பி. சுடுத நேரத்துல அவ போட்டிருந்த கண்ணாடி தெறிச்சிருந்துது. அதுதான் கண்ணக் காப்பாத்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு. தையல் போட்டு அனுப்புனாவ.

தையல் பிரிச்ச பெறகு மறுபடி சுடப் போனா. துப்பாக்கிய எடுப்பா, குறி பாப்பா, விசைய அமுக்குத நேரத்துல கண்ணு தானா மூடிக்கிடும். குண்டு எங்கயோ போவும். குறி தப்பாத பிள்ள. "முடியலப்பா"ன்னு துப்பாக்கியச் சாத்திட்டு வருவா. அதப் பாத்துக்கிட்டு நிக்கணும்னா எந்தத் தகப்பனுக்கு மனசு தாங்கும்?

நான் விடல. செகரட்டரி அண்ணாச்சியப் பிடிச்சு உலுக்கி, ஆலைக்குப் போன் போட வெச்சது நான். ஆள் அனுப்புங்க, உங்க பித்தளையோட யோக்கியதைய வந்து பாருங்கன்னு கத்தச் சொன்னது நான். ஆமா, நானேதான் கூப்பிட்டேன்.

வந்தது யாருங்கீய? ஒரு பொம்பளப் பிள்ளை. ஹெப்சிபான்னு பேரு. நாசரேத்துப் பக்கந்தான், படிச்சுட்டு வடக்க அந்த ஆலையில சோதிக்குத வேலையில இருக்கா. ஒரு பெட்டி நெறைய பூதக்கண்ணாடியும் இடுக்கியும் கொண்டாந்தா. சரி, வெசாரிக்கட்டும்னு நாற்காலி போட்டுக் காப்பியும் வாங்கிக் குடுத்தேன்.

மொதல்ல வடிவு சுட்ட துப்பாக்கியக் கழட்டிப் பாத்தா. துப்பாக்கியில கோளாறு இல்லன்னா. பெறகு சுடாத தோட்டாவக் கண்ணாடியில பாத்தா. கீறல் இருக்கு. "சுடுததுக்கு முன்னாலயே கீறியிருக்கு, அதனால துப்பாக்கியும் காரணமில்ல, வெடிமருந்தும் காரணமில்ல"ன்னா. அதைத்தான நானும் சொல்லுதேன்! பித்தளைதான் மட்டம்னு! ஆனா அவ அதோட விடல. ஆலையில ஒட்டி வந்த, இன்னும் பிரிக்காத அட்டைப் பெட்டிய வாங்கிப் பிரிச்சா. ஒண்ணுல கூடக் கீறல் இல்ல. அதே சமயத்துல ஆலையிலேர்ந்து வந்த அதே சரக்குத்தான். மத்த மாவட்டத்துக்குப் போனதையும் போன்ல கேட்டா. அங்கயும் இல்ல. "அப்ப பிரிச்ச பெறகு, இந்த அறையிலதான் ஏதோ நடக்கு ஐயா"ங்கா.

அறையில என்ன நடக்கும்? பேயா ஆடுது?

அதுக்குப் பெறகு மோந்து பாக்க ஆரம்பிச்சா தம்பி. சத்தியமாச் சொல்லுதேன். சுவத்த மோந்து பாக்கா. பின்னால கக்கூஸ் பக்கம் போயி மோந்து பாக்கா. "குதிரை எதுவும் கட்டியிருந்தீங்களா?"ங்கா. வெள்ளக்காரன் காலத்துல மழை சீசன்ல குதிரை லாயத்துப் பக்கம் வெச்ச தோட்டாவெல்லாம் இப்படித்தான் கீறுச்சாம். மூத்திரத்துலேர்ந்து கெளம்புத நெடி, மழை ஈரத்தோட சேந்து, இறுக்கமா இருக்க பித்தளையப் பிளக்குமாம். பித்தளை பிளக்குமாம், மூத்திர வாடையில! எங்கப்பா கேட்டிருந்தா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சிரிச்சிருப்பாரு.

ஆனா படிச்ச பிள்ளை சொல்லுதாளேன்னு நானும் உதவி பண்ணத்தான் பாத்தேன். கிளப்பு வாட்ச்மேன் அறைக்குப் பின்னால ஆடு வளத்தான். "ஆட்டு மூத்திரந்தாம்மா, வேற என்ன?"ன்னு காட்டிக் குடுத்தேன். அன்னைக்கே அண்ணாச்சி அவன ஏசி ஆட்டையெல்லாம் விக்கச் சொல்லிட்டாவ. வித்தான். இன்னை வரைக்கும் எங்கூடப் பேச மாட்டான். சந்தேகம்னு வந்தா வெலக்கணும்லா? அதுக்கு நான் என்ன பண்ண? ஆனா அந்தப் பிள்ள ஒத்துக்கிடல. "ஆடு காரணம்னா அட்டைப் பெட்டிக்குப் பக்கத்துல பிரிச்சு வெச்சிருக்க துலக்காத தோட்டாவும் கீறணும். அது நல்லா இருக்கு. உங்க டப்பாவுல இருக்கது மட்டுந்தான் கீறியிருக்கு"ன்னா.

அப்படிச் சொல்லிட்டு எங்கிட்ட வந்து, "ஐயா, உங்க கையக் கொஞ்சம் காட்டுங்க"ங்கா.

காட்டுனேன். என் கையப் பிடிச்சு மோந்து பாத்தா! அண்ணாச்சி நிக்காவ, எம் மவ நிக்கா, எல்லார் முன்னாலயும். சாவுத வரைக்கும் என் வீட்டுக்காரி கூட என் கைய மோந்து பாத்ததில்ல. மோந்து பாத்துட்டு, மருந்துல என்னென்ன சேக்கேன்னு கேட்டுக்கிட்டு, என் நீலத் துணிய எடுத்தா. "இது ஏன் நீலமா இருக்கு?" "அழுக்கும்மா." "அழுக்கு இல்ல ஐயா, இது செம்பு. பித்தளையிலேர்ந்து உங்க மருந்து செம்பத் தின்னு எடுத்திருக்கு. நவச்சாரத்துல சுண்ணாம்பு சேத்தா வருத நெடியும் குதிரை லாயத்துல வருத நெடியும் ஒண்ணுதான்"னா.

எங்கப்பாவோட தொழில மூத்திரம்னுட்டா, கேட்டுக்கிடுங்க.

எனக்கு வந்துதே கோவம்! "அப்ப கழுத்துல இருக்க கறைய யாரும்மா துடைக்கது? உங்க ஆலையா?"ன்னேன். அதுக்கு அவ, "அது கறை இல்ல. குண்டை இறுக்கிச் சொருகுததால கழுத்துல பிடிப்பு இருக்கும், அது கீறாம இருக்கணும்னு நெருப்புக் காட்டி இளக்குதோம். காட்டியிருக்கோம்னு தெரியணும்னுதான் அந்த அடையாளத்த விட்டு வைக்கோம்"ங்கா. வாய் இருக்கவங்க என்ன வேணா சொல்லலாம். கரிஞ்ச தோசையக் குடுத்துட்டு இது கைப்பக்குவம்னு சொல்லுத மாதிரி.

பெறகு ஊறுகாய் பாட்டில் ரெண்டு வாங்கியாரச் சொன்னா. அட்டைப் பெட்டியிலேர்ந்து ரெண்டு நல்ல தோட்டாவ எடுத்து, எல்லாரும் கண்ணாடியில பாத்து கீறல் இல்லன்னு ஒத்துக்கிட்ட பெறகு, ஒரு பாட்டில்ல ஒண்ண சும்மா போட்டா. இன்னொண்ண என் துணியில சுத்தி, ஈரத்தோட, மத்த பாட்டில்ல போட்டு மூடுனா. அலமாரியில பூட்டிச் சாவிய அண்ணாச்சிகிட்ட குடுத்துட்டு ஓட்டலுக்குப் போயிட்டா. தோட்டாவ ஊறுகாய் போட்ட மொத ஆளு அவதான். நான் வந்தவன் போனவங்கிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். "என்ன வே, எலுமிச்சையா, நார்த்தங்காயா?"ன்னு அவனுவளும் சிரிச்சானுவ.

கொஞ்ச நாள் கழிச்சுத் தொறந்தாவ. சும்மா போட்டது அப்படியே இருக்கு. என் துணியில இருந்தது கழுத்துல கீறியிருக்கு. அண்ணாச்சி கண்ணாடியில பாத்தாவ, வடிவு கையில குடுத்தாவ. வடிவு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பாத்துட்டு அவ கை தானா கன்னத்துத் தழும்புக்குப் போச்சு. என்னையப் பாக்கவே இல்ல.

நான் விடுவேனா? "பாட்டில்ல போட்டு அடைச்சா மனுசனுக்கே மூச்சு முட்டும், பித்தளைக்கு முட்டாதா? என் டப்பாவுல இப்படியா அடைச்சேன்?"ன்னு கேட்டேன்.

ஆனா ஒரு விசயம் சொல்லணும். அந்தப் பிள்ள நேர்மையான பிள்ள. கெளம்புததுக்கு முன்னால அண்ணாச்சிகிட்ட சொன்னா: "இந்தச் சரக்குல கழுத்துக்கு நெருப்புக் காட்டுனது எங்க பக்கமும் கொஞ்சம் கொறச்சல்தான். சாதாரணமா வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனாலும் அதையும் நான் போயிச் சொல்லுவேன்." பாத்தீயளா! ஒத்துக்கிட்டா! அவ வாயாலயே ஒத்துக்கிட்டா! அவ பேசுன அத்தனை பேச்சுல இந்த ஒரு பேச்சுத்தான் உண்மை. இதப் பிடிச்சு நான் கத்துதேன், அண்ணாச்சி என்னடான்னா, "கோமதிநாயகம், கொஞ்சம் சும்மா இரும் வே"ங்காவ.

சாவிய வாங்கிட்டாவ. அண்ணாச்சி வாங்கல, அவருக்கு மொகம் பாக்கத் தைரியம் இல்ல. வடிவு வந்து கேட்டா. "அப்பா, சாவியக் குடுத்துருங்கப்பா." பெத்த மவ. என் கையிலேர்ந்து சாவிய வாங்கி அண்ணாச்சி மேசையில வெச்சா. அந்தத் துக்கம் எனக்கு இன்னும் ஆறல. அவளுக்கு மொகத்துல தழும்பு, எனக்கு நெஞ்சுல. ரெண்டுக்கும் அந்த ஆலைதான் பொறுப்பு.

வீட்டுக்கு வந்த பெறகும் அவ என்னைய ஒரு வார்த்த ஏசல. "கண்ணு நல்லாத்தான இருக்கு, விடுங்கப்பா. உங்களுக்குத் துலக்கணும்னு தோணுனா குத்துவிளக்கத் துலக்குங்க, அண்டாவத் துலக்குங்க. தோட்டாவ மட்டும் தொடாதீங்க"ன்னா. சரின்னேன். பெறகு அவளே ஆலை அட்டைப் பெட்டி வாங்கி, அவளே பிரிச்சு, அந்தக் கறையோடயே போட்டுச் சுட ஆரம்பிச்சா. கொஞ்சம் கொஞ்சமா கண்ண மூடுதது நின்னுச்சு. "என் கையால பிரிச்சது, அதான் பயமில்லப்பா"ங்கா. எனக்குச் சிரிப்பு. நான் இந்த வருச ஆயுத பூஜைக்கு மொத நாளு என்ன பண்ணேன்னு அவளுக்குத் தெரியாதுல்லா? அவ ஆபீஸ் போயிருந்த நேரம் பாத்து, அவ பெட்டியிலேர்ந்து ஒரு பத்துப் பதினஞ்ச எடுத்து, நல்லாத் துலக்கி, இந்த டப்பாவுல போட்டு, சரஸ்வதி படத்துக்குப் பின்னால வெச்சுட்டேன். நெதமும் பூ போடுதேன். பயம் போனது அதாலதான்.

நேத்து எப்படியோ அவ கண்ணுல பட்டுட்டு. "இது எப்பப்பா?"ன்னா. சொன்னேன். டப்பாவ மூடி அலமாரியிலயே வெச்சுட்டு, "இது இங்கயே இருக்கட்டும், போட்டி முடிஞ்சு வந்து கிளப்புல ஒப்படைக்கேன். நீங்க தொடாதீங்க, கும்புட்டுக் கேக்கேன்"னா. சாமி மேல பயம், வேற என்ன? சாமிகிட்ட வெச்சத எடுக்கக் கூடாதுன்னு நெனச்சிருப்பா. மறந்துட்டாள்னு மொதல்ல சொன்னேன், மறதின்னு சொல்ல முடியாது. கூச்சம். அப்பாவக் கேக்கக் கூச்சம்.

இருங்க, போன் அடிக்கு. அவதான்.

"ஆங், வடிவு... பஸ்ஸுல... சாத்தூர் தாண்டிட்டு... மதுரைக்குத்தான், வேற எங்க? ஆமா, எடுத்துட்டுத்தான் வாரேன்... ஏட்டி, மெதுவாப் பேசு... பஸ்ஸுல யாருக்கும் தெரியாது, பக்கத்துத் தம்பிக்கு மட்டுந்தான்... எதுக்கு எறங்கணும்? அழாத. ஏட்டி, இதுக்குப் போயி யாராவது அழுவாவளா? நான் வந்துருதேன், நீ சாப்புட்டியா?"

கட் பண்ணிட்டா. அழுதா தம்பி. வயசான காலத்துல அப்பா நமக்காக அலையுதாரேன்னு பாசம். தாயில்லாம வளந்தவ, அவ அம்மா போன பெறகு எங்கிட்ட ரொம்ப ஒட்டுதல்.

நீங்க வேணா பாருங்க. மூடியத் தொறக்கேன், மூஞ்சியக் கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. எப்படி மின்னுது பாத்தீயளா? அந்த நீலத்தப் பாருங்க. கையில எடுத்தே பாருங்க, வெடிக்காது.

என்னது? கோடா? எங்க? அது வெளிச்சம் தம்பி, பளபளப்புல...

நகத்துல தட்டுதா? குடுங்க. கண்ணாடியப் போட்டுக்கிடுதேன், இருங்க.

ஆமா. தட்டத்தான் செய்யுது. இதுலயும் இருக்கு. இந்தா, இதுலயும்.

பாத்தீயளா! நான் இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்? திருட்டுப் பயலுவ! மறுபடியும் அதே மட்டமான பித்தளை! இவ்வளவு பாத்துப் பாத்துத் துலக்கி, சாமிகிட்ட வெச்சும் கீறுதுன்னா, அவ கையில இருக்க மத்ததெல்லாம் என்ன லட்சணத்துல இருக்கும்? ஒரு நாளாவது துடைச்சிருப்பாளா? கறையோடயே கெடக்கும். அதப் போட்டு நாளைக்கு அவ கன்னத்த ஒட்டி வெச்சுச் சுடப் போறாளே தம்பி!

நல்ல வேளை, மருந்து பையிலதான் இருக்கு. போன உடனே, அவ குளிக்கப் போற நேரமாப் பாத்து, அவ பெட்டியில இருக்க அத்தனையையும் ஒரு தடவ நல்லாத் தேச்சு, துணியில சுத்தி வெச்சிருதேன். அவளுக்கே தெரியாது.

இந்தப் பாட்டில்தான். எதுக்குக் கேக்கீய? பாக்கணுமா? பாருங்க, பாருங்க. மூடியத் தொறந்துராதீய, அப்புறம் பஸ்ஸே இருமும்.

ஏ தம்பி! ஏ! ஜன்னல் வழியா ஏன் வீசுனீய? கோட்டியா பிடிச்சிருக்கு உங்களுக்கு? நல்ல மனுசன்னு நம்பிக் கையில குடுத்தா... என்ன, கண்டக்டர எதுக்குக் கூப்புடுதீய இப்ப? அவன் வந்து என்ன பண்ணிருவான்? எறக்கி விடுவானா? விடட்டும். அடுத்த பஸ்ஸுல வருவேன்.

மதுரையில நவச்சாரம் கெடைக்காமயா போயிரும்? சுண்ணாம்பு வெத்தலக் கடையிலயே இருக்கு. எம் மவ கண்ணு, நான்தான பாத்துக்கிடணும்.